மறு சந்திப்பு: நான்கு மாதம்

இரண்டு மணிக்கு நேர்முகத் தேர்வு.
பன்னிரண்டே முக்காலுக்குக்
காலைப் புறநோயாளிகளில் கடைசி ஆள்
பிளெங்கின், எழுபத்தொன்று,
ஹல் துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர்.
கதவுக்கும் நாற்காலிக்கும் நடுவே
சுவரொட்டியைப் படிப்பதுபோல் நின்று
மூச்சு வாங்கிக்கொள்கிறார்.
கைகழுவும் முறை பற்றிய சுவரொட்டி.
எல்லோரும் அங்கேதான் நிற்கிறார்கள்.
அதை இடம் மாற்ற வேண்டாமென்று
சொல்லி வைத்திருக்கிறேன்.

முதுகில் ஸ்டெதஸ்கோப் வைத்தால்
ரத்த அழுத்தப் பட்டையைப் பிரிக்கிற சத்தம்,
இரண்டு பக்கமும்.
ஸ்கேனில் தெரிவதைத் தேன்கூடு என்போம்.
தேன் கிடையாது. தேனீயும் கிடையாது.

"போகப்போக எப்படி இருக்கும், டாக்டர்?"
வீட்டுக் கூரையைப் பற்றி விசாரிக்கும் குரல்.
பாதிக்குப் பாதி என்றேன்.
எதில் பாதி என்று அவர் கேட்கவில்லை.
மனைவி கேட்டார்.
மூன்று வருடம் தாண்டுவதில், என்றேன்.
கைப்பையின் ஜிப்பை மூடினார்,
திறந்தார்,
மூடினார்.

எழுந்தபின் பிளெங்கின் கேட்டது வேறு:
"அடுத்த தடவை நீங்கள் இருப்பீர்களா?
நீங்கள் ஏழாவது ஆள்.
ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லணும்,
அந்தக் கப்பல், அந்த வெள்ளைத் தூசி.
சொல்லி முடிப்பதற்குள் மூச்சு தீர்ந்துபோகிறது."
தெரியாது என்றேன்.
அன்று காலை நான் சொன்னவற்றில்
அது ஒன்றுதான் நூறு சதவீதம்.

*

பதினோராம் மாடி.
மேசைக்கு அந்தப்பக்கம் நான்கு பேர்.
ஐந்தாமவர் திரையில்,
உறைந்து உறைந்து வந்துகொண்டிருந்தார்.
தண்ணீர் ஜாடி, யாரும் தொடாத பிஸ்கட்.
ஜன்னலில் ஹம்பர் வற்றிக் கிடந்தது,
சேறு மட்டும் வெயிலில் மினுங்க.

காத்திருப்போர் பட்டியலை எப்படிக் குறைப்பீர்கள்?
ஸ்கேனை இயந்திரம் படிக்கிறதே, உங்கள் கருத்து?
மார்ச்சில் நான் தவறவிட்ட
நான்கு மில்லிமீட்டர் புள்ளியை
அது வட்டம் போட்டுக் காட்டியதைச் சொன்னேன்.
சொல்லியிருக்க வேண்டாமோ என்று உடனே தோன்றியது.
அது அடுத்த தடவையும் இருக்கும்.
அதனிடம் யாரும் அப்படிக் கேட்பதில்லை.

விண்ணப்பத்தில் எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது,
ஆய்வுக் கட்டுரைக்கு, தணிக்கைக்கு, தலைமைப் பண்புக்கு.
கைராசிக்கு இல்லை.
இருந்திருந்தால் என்ன எழுதியிருப்பேன்?
என் துறையில் கைராசி என்பது
மெதுவாக மோசமாவது.

பிறகு திரையில் இருந்தவர்,
உறைவதற்குச் சற்று முன்னால்:
"ஐந்து வருடத்தில் உங்களை எங்கே பார்க்கிறீர்கள்?"

பாதிக்குப் பாதி என்று வாய்வரை வந்துவிட்டது.
அதற்குள் மூத்தவர்கள் இருவர் ஓய்வு பெறுவார்கள்,
அவர்களுடைய இருமல்களெல்லாம் எனக்கு வரும்.
வாரத்தில் இரண்டு இரவு போன் தலைமாட்டில் படுக்கும்.
என் மகள் பரணிக்குப் பன்னிரண்டு.
பிராங்கோஸ்கோபி அறையின் கூரை அப்போதும் ஒழுகும்,
கீழே அதே மஞ்சள் வாளி.

"இதே ஊரில்" என்றேன்.
பேனாக்கள் நின்றன.
இன்னும் ஏதாவது வருமென்று காத்திருந்தார்கள்.
நான் தண்ணீர் குடித்தேன்.

*

கார் நிறுத்தக் கட்டணத்துக்குச்
சில்லறை துழாவிக்கொண்டிருந்தபோது போன்.
வாழ்த்துகள், வேலை உங்களுக்குத்தான்.
எத்தனை பேர் போட்டி என்று கேட்டேன்.
அந்த முனையில் கொஞ்சம் மௌனம்.
நான் ஒருத்திதானாம்.

சிரிப்பு வந்தது.
ஆற்றுப் பக்கமிருந்து அடித்த காற்றை
மற்றவர்களுக்குச் சொல்வதுபோல எனக்கே சொல்லி,
இழுங்கள், பிடியுங்கள், பிடியுங்கள், விடுங்கள்,
ஒருமுறை உள்ளே வாங்கிப் பார்த்தேன்.
சில்லறையைப் பையில் போட்டுவிட்டு
மறுபடி உள்ளே போனேன்.

பிளெங்கினின் கடிதம் பாதியில் நின்றிருந்தது.
"புறநோயாளிப் பிரிவில் மறு சந்திப்பு" என்பதை அழித்து
நானே பார்க்கிறேன் என்று
மைக்கில் சொன்னேன், ஆங்கிலத்தில்.
அந்த ஏகாரத்தை வைக்க
அதில் இடம் இல்லை.
கொஞ்சம் அழுத்திச் சொல்லிப் பார்த்தேன்.
தட்டச்சில் வராது.

அனுப்புவதற்கு முன்
நான்கு மாதம் என்றிருந்ததை
மூன்று ஆக்கினேன்.